நாலாவது வரி

அவளுடைய கம்ப்யூட்டரின் முதுகு எனக்கு அத்துப்படி. கறுப்பு முதுகு, நடுவில் யாரோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் வெள்ளைத் தழும்பு, கீழே தொங்கும் இரண்டு ஒயர். அதன் முகத்தை மட்டும் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. குமுளியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படிக்கட்டில் நிற்க வேண்டும். அந்த அறையிலும் மேசையைத் திருப்பிப் போட்டு, தன் முதுகு சுவரில் உரசும்படி உட்கார்ந்திருப்பாள். நாங்கள் யார் எந்தப் பக்கம் நின்றாலும் திரை தெரியாது.

திரை மட்டுமா? போனை எப்போதும் குப்புறத்தான் வைப்பாள். பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போடுவாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பாதி திறந்து பாதி மூடியபடியே சாப்பிடுவாள். "ஏம்மா, தயிர்ச்சோத்துல என்ன பெரிய ரகசியம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "ரகசியம் ஒண்ணுமில்லீங்கண்ணா. உங்களுக்கு வேணும்னா தர்றேன். வேண்டாம்னா எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

நாங்கள் என்றால், ஊர்க்காரர்கள் பாலியேட்டிவ் என்று சொல்லும் குழு. இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவைத்தவர்களை வீடு தேடிப் போய், புண்ணைக் கழுவி, வலிக்கு மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரும் வேலை. ஒரு நர்ஸ், கட்டிலும் சக்கர நாற்காலியும் கொண்டுபோய் இறக்கும் ஒரு ஆள், வாரம் ஒரு நாள் எட்டிப்பார்க்கும் டாக்டர், ஜீப் ஓட்ட நான். யாருக்கும் சம்பளம் கிடையாது, நர்ஸைத் தவிர.

அவள் மீனாட்சிபுரத்துக்காரி. கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். பேங்கில் வேலை செய்யும் வீட்டுக்காரருக்குக் குமுளிக்கு மாற்றல் வரவே கூட வந்தாள். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, உங்களுக்கு ஏதாவது செய்கிறேன் என்று அவளாகவே படியேறி வந்தாள். அன்றைக்கு எங்கள் நோயாளிகள் எல்லோரும் ஒரு பழைய நோட்டில் இருந்தார்கள். பெயர், வீடு, என்ன நோய், எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் சொன்னது, எல்லாம் அதில் இருக்கும். நோட்டு மேசைமேல் கிடக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் புரட்டுவான். நானும் புரட்டுவேன், முதல் ஆளே நான்தான். அவள் அந்த நோட்டை ஒரு நாள் முழுக்க வாசித்தாள். சாயங்காலம் அதைப் பழைய புடவைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பதிலாகத்தான் அந்த சாஃப்ட்வேர் வந்தது. கம்பெனிகளில் பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, யார் எதை முடித்தார்கள் என்று பார்ப்பதற்காக உண்டாக்கியது. அவள் அதை எங்கள் மலைக்கு வளைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு. கார்டுக்குள் கட்டங்கள். அந்தக் கட்டங்களை எல்லாம் அவளே உண்டாக்கினாள். மருந்து ஒரு கட்டம், கட்டில் வேண்டுமா ஒரு கட்டம், நோய் ஒரு கட்டம், அந்த நோய் நோயாளிக்கே தெரியுமா என்று ஒரு கட்டம், வீட்டில் யார் யாருக்குத் தெரியக்கூடாது என்று இன்னொரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எங்களில் யார் கண்ணில் படலாம், யார் கண்ணில் படக்கூடாது என்று தனித்தனியாகக் குறித்து வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் அட்மின். நானும் இங்கே வேறு பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

என் போனில் அதை ஏற்றிக் கொடுத்த அன்று திறந்து பார்த்தேன். ஒரு கார்டுக்கு மூன்று வரி. வழி. நிறுத்துமிடம். காத்திருக்கும் நேரம். அவ்வளவுதான்.

"என்ன தாயி இது? யாரு வீடு, ஆம்பளையா பொம்பளையா, என்ன சீக்கு, ஒண்ணையும் காணோமே?"

"வண்டி ஓட்டறக்கு அதுல எது வேணுமுங்கண்ணா?"

"தெரிஞ்சா என்ன குறைஞ்சிரும்?"

"உங்களுக்கு ஒண்ணும் குறையாதுங்க. அவியளுக்குத்தான்."

எனக்கு வந்ததே கோபம்! முப்பது வருஷம் இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறேன். எந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டில் மாமியார் மருமகள் பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் என் நாக்கு நுனியில் இருக்கும். அருளப்பனுக்குத் தெரிந்தால் குமுளி பஸ் ஸ்டாண்டுக்கே தெரிந்த மாதிரி என்று என் வீட்டுக்காரியே சொல்லுவாள். அப்படிப்பட்ட எனக்கு மூன்று வரி!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடக்கி வைத்துக் கடைசியில் சொல்ல எனக்கு வராது. ஆனைக்கரைப் பக்கம் ஒரு வளைவில் மாதா கெபி, குகை மாதிரி கட்டி உள்ளே சொரூபம் வைத்த சின்னக் கோயில், இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தக் கெபிக்குக் கீழே ஜீப்பை நிறுத்தி, மேலே போன நர்ஸுக்காக நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். ஏழு மாதம் அப்படிக் காத்திருந்தேன். மேலே இருந்த வீடு மிக்கேலுடைய வீடு. என்னோடு பதினோரு வருஷமாகப் பேசாத மிக்கேல். அவன் அங்கே சாகக் கிடக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

மிக்கேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நானும் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றி வரும் ஜீப்காரர்கள். காலையில் இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக மலை ஏறும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரட்டைக் குரல் ஹாரன் வாங்கி மாட்டினோம். வளைவில் அவன் அடித்தால் நான் பதில் அடிப்பேன். ஒரு நாள் சாயங்காலம் ஸ்டாண்டில் வழியை மறித்து நின்ற அவன் வண்டியை நகர்த்திப் போட்டேன். பிரேக் மிதிக்க மிதிக்கக் கீழே போயிற்று. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். டீக்கடையில் யாரோ கூப்பிட்டார்கள். பேச்சுச் சுவாரஸ்யத்தில் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவன் வண்டி ஒரு வளைவில் நிற்காமல் ஏலத்தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. மாதா புண்ணியம், யாரும் சாகவில்லை. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. மூன்றாம் நாள் டிரைவர்கள் கூட்டம் போட்டார்கள். எப்படி ஆச்சு, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். நான் எழுந்து, "எனக்குத் தெரியும். முந்தின நாளே பிரேக் சரியில்ல. நான் மிதிச்சுப் பாத்தேன்" என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதே! கூட்டம் மொத்தமும் மிக்கேல் பக்கம் திரும்பியது. அவன் என்னை மட்டும் பார்த்தான். "எங்கிட்டச் சொல்லலியேலே" என்றான். அதுதான் கடைசிப் பேச்சு. அவனை ஸ்டாண்டில் வண்டி போட விடவில்லை. வண்டியை விற்றான், ஹாரனோடு. கம்பத்தில் மகன் வீட்டோடு போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். நானும் வீம்பில் விசாரிக்கவில்லை; அவன் மறுபடி மலையேறி ஆனைக்கரைக்கு வந்ததும் எனக்குத் தெரியாது. ஊருக்கே சொன்னேன், தெரிய வேண்டிய ஒருத்தனைத் தவிர. இது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. உறைத்த பிறகு எங்கே போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

அட்மினுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து மெம்பர் ஆபீசுக்கு வந்தார். நோயாளிகள் வீட்டுக்கு அரிசியும் சாமானும் கொடுக்கப் போவதாகவும், லிஸ்ட் வேண்டும் என்றும் சொன்னார். கூடவே காமிரா வைத்துக்கொண்டு ஒரு ஆள். அவள் கீபோர்டைத் தட்டி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை கிலோ. அவ்வளவுதான் இருந்தது.

"பெயரும் அட்ரஸும் இல்லையே?" என்றார் மெம்பர்.

"அரிசிக்குப் பேரு எதுக்குங்க? மூட்டையை இங்கே இறக்குங்க, எங்க வண்டி கொண்டு போய்க் குடுத்துரும்."

"யார் வாங்கினாங்கன்னு ஒரு போட்டோவாவது வேணாமா?"

"எங்க டிரைவரண்ணன் மூட்டையோட நிப்பாரு. நெம்ப நல்லாப் போஸ் குடுப்பாருங்க."

மெம்பர் முகத்தில் ஈ ஆடவில்லை. அரிசி வந்தது. பேப்பரில் மூட்டையோடு நிற்கிற போட்டோவும் வந்தது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜீப்பின் முன்னால் பாலியேட்டிவ் என்று ஒரு போர்டு பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். அதைக் கழற்ற வைத்தவளும் அவள்தான். கொக்கியில் மாட்டுகிற மாதிரி மாற்றச் சொன்னாள். போலீஸ் செக்போஸ்டில் மட்டும் மாட்டு, மற்ற இடத்தில் சீட்டுக்கு அடியில் போடு. எந்த நோயாளி வீட்டு வாசலிலும் வண்டி நிற்கக்கூடாது. ரேஷன் கடை முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில், எங்கேயாவது நிறுத்தி நர்ஸ் நடந்து போக வேண்டும். "இது என்ன கூத்து, மழையில சிஸ்டர் நனையுதாகளே" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவியளே கேட்டதுங்கண்ணா. ஒரு தடவை ஊட்டு முன்னால நம்ம வண்டி நின்னுச்சுன்னா, வண்டி போன பொறவும் அது அங்கயே நிக்குமுங்க. சந்தையில, கோயில்ல, எங்க போனாலும் அந்த வண்டி அவியளோட வரும்." அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மற்றவர்களை மட்டும்தான் இப்படிக் கட்டிப் போட்டாள் என்று நினைக்காதீர்கள். நர்ஸும் டாக்டரும் மட்டும் பார்க்கிற கட்டங்கள் சில இருந்தன. அதில் என்ன எழுதுகிறார்கள் என்று அவள் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். "நீதானே அந்தக் கட்டத்தையே செஞ்சே?" என்று கேட்டேன். "கட்டம் கட்டிக் குடுத்தேன். உள்ளே போறவிய அவிய" என்றாள். என்னால் அதை நம்பவே முடியவில்லை. கையெட்டும் தூரத்தில் ஒரு விஷயம் இருந்து அதை எட்டிப் பார்க்காமல் ஒரு மனுஷி இருக்க முடியுமா? இருந்தாள்.

கெபி வளைவைப் பற்றிச் சொன்னேன். அந்த நாற்பது நிமிஷம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பத்தரை மணிக்கே மேகம் ரோட்டில் இறங்கிவிடும். முதலில் எதிர்ப்பக்கத்து ஏலச்செடிகள் மறையும், அப்புறம் கெபியின் படிக்கட்டு, அப்புறம் மாதாவின் பாதம். கொஞ்ச நேரத்தில் என் வண்டியின் பானெட் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மேலே எங்கேயோ ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து சூடான வாசனை இறங்கி வரும். சொட்டுச் சொட்டாக மரம் ஒழுகும். கண்ணை மூடினால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த அரைத்தூக்கத்தில் எனக்குப் பின்னால் இன்னொரு ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்கும். வளைவில் அது ஹாரன் அடிக்கும், இரட்டைக் குரலில். பதில் அடிக்கக் கையை நீட்டும்போது விழித்துக்கொள்வேன். ஒன்றும் இருக்காது. ஒரு தடவை மேலேயிருந்து யாரோ நீளமாக இருமுகிற சத்தம் கேட்டது. பாவம், யாரோ என்று சிலுவை போட்டுக்கொண்டேன். யாரோ!

கெபி வந்தால் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவது எங்கள் வழக்கம். இந்த ரோட்டில் ஓடுகிற கிறிஸ்தவ டிரைவர்கள் எல்லோரும் தட்டுவோம். நானும் ஒவ்வொரு செவ்வாயும் அந்தப் பழைய இரட்டைக் குரல் ஹாரனைத் தட்டினேன். மாதாவுக்குத்தான் தட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கம்பத்தில் என் தங்கச்சி மகள் கல்யாணம். வண்டி வேலைதானே, யார் ஓட்டினால் என்ன என்று, ஸ்டாண்டில் புதிதாக வந்திருந்த ஒரு டிரைவரை அவன் ஜீப்போடு அனுப்பிவிட்டு நான் பந்திக்குப் போய்விட்டேன். அட்மினிடம் சொல்லவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போனால், மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்கிறாள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

அவள் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை. கட்டில் கொண்டுபோகும் ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இதுக்கு யாரக் கேக்கணும்? வண்டி போச்சு, சிஸ்டர் போனாக, வந்தாக. என்ன குறைஞ்சுது?"

"செவ்வாக்கிழமை ஆனைக்கரைக்கு நீங்கதான் போகோணும். வேற யாரும் வேண்டாம்."

"ஏன்?"

அவள் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"காரணத்தச் சொல்லு தாயி. சொல்லலேன்னா அடுத்த செவ்வாக்கிழமைக்கு நீயே ஆளப் பாத்துக்கோ. நான் என்ன மாடா, ஓட்டுன பக்கம் போக?"

"காரணம் இருக்குதுங்கண்ணா. ஆனா அது என்னுது இல்லீங்க, உங்களுக்கு எடுத்துக் குடுக்கறக்கு."

"எல்லாத்துக்கும் இதே பேச்சு!"

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். என் முன்னால் நின்று, "கும்புட்டுக் கேக்கறனுங்க. வாங்க" என்றாள். நிஜமாகவே கை கூப்பினாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

ஒரே ஒரு பெயர். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்திருந்தால் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு பறந்திருப்பேன். அந்த ஒரு வாரத்துக்குள் அவன் போயிருந்தால்? நான் வீம்பில் வராமலே இருந்திருந்தால்? அவள் அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டு என் முன்னால் கை கூப்பினாள். சில நாள் அதை நினைத்து அவள்மேல் கோபம் வரும். சில நாள் அழுகை வரும். இன்னும் எனக்கு ஒரு முடிவு தெரியவில்லை.

அடுத்த செவ்வாய். போகக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்பது மனதில் வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, முனகிக்கொண்டே வண்டியை எடுத்தேன். அந்தப் பெண் அங்கேயேதான் நின்றிருந்தாள். ஒன்றும் கேட்காமல் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு மேகம் செக்போஸ்ட் வரைக்கும் இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனோம். அட்மின்மேல் இருந்த கோபத்தில் ஹாரனைக்கூடத் தொடக்கூடாது என்று நினைத்தேன். கெபி வந்ததும் கை தானாகப் போயிற்று. மாதாவோடு எனக்கு என்ன சண்டை? ஒரு தட்டுத் தட்டினேன்.

"சேட்டா, இவிடெ மதி" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு நர்ஸ் இறங்கினாள். இங்கே போதும் என்று அர்த்தம். நாலு படி ஏறியதும் மேகம் அவளை மூடிக்கொண்டது.

கால் மணி இருக்கும். டாஷ்போர்டில் கிடந்த போன் டிங் என்றது. அந்த வளைவில் சிக்னல் எப்போதும் ஒரு கால் கேரளத்தில், ஒரு கால் கம்பத்தில். திறந்தால் மூன்று வரியும் இல்லை. வெள்ளைத் திரை, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைக் கண்ணாடிப் பக்கம் நீட்டினேன், கூரைப் பக்கம் தூக்கினேன். முதல் வரி வந்தது. அதே வழி. இரண்டாவது வரி. நிறுத்துமிடம்: வீட்டு வாசல். மூன்றாவது வரி, காத்திருக்கும் நேரம், காலியாக இருந்தது. அப்புறம், நான் அதுவரை எந்தக் கார்டிலும் பார்த்திராத நாலாவது வரி.

பெயர்: மிக்கேல்.

வேறு எத்தனையோ மிக்கேல் இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த அந்த ஜீப்பின் சத்தம் எதுவென்று தெரிந்துவிட்டது. அட்மினைக் கூப்பிட்டேன். முதல் மணி அடித்ததுமே எடுத்தாள்.

"தாயி..."

"அவரு இப்பத்தான் போன்ல சரின்னு சொன்னாருங்க. ஸ்டோரைச் சுத்தி வண்டி போற வழி இருக்குது. பாத்துப் போங்கண்ணா, மேகமா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வாசலில் மிக்கேலின் வீட்டுக்காரி தெரேசா நின்றிருந்தாள். "வாங்கண்ணே. ஹாரன் கேட்டுச்சு" என்றாள். போன செவ்வாய் அந்த ஹாரன் கேட்கவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். அன்று முழுக்க அவன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டே இருந்தானாம். அருளுக்கு என்னமோ ஆச்சு என்று சோறு வேண்டாம் என்றிருக்கிறான். இன்றைக்கும் பத்தரைக்கு ஒன்றும் கேட்காமல், பதினொன்றும் தாண்டி, அப்புறம்தான் கேட்டிருக்கிறது. கேட்டதும், "அந்தப் பொண்ணுக்குப் போனப் போடு" என்றானாம்.

ஏழு மாதத்துக்கு முன் அட்மின் அங்கே பெயர் பதிய வந்தபோது, எந்த வண்டி வருகிறது என்று மிக்கேல் கேட்டிருக்கிறான். அருளப்பன் வண்டி என்றதும், அப்படியானால் யாரும் வர வேண்டாம் என்றிருக்கிறான். அப்புறம் அவனே, "இல்ல, அவன் வண்டியே வரட்டும். ஆனா அவனுக்குத் தெரியக் கூடாது. கெபிக்குக் கீழ நிறுத்தச் சொல்லுங்க" என்றிருக்கிறான். அவள் அதை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதிப் பூட்டிக்கொண்டாள். திங்கள்தோறும் போன் பண்ணி, "அருளண்ணனுக்குத் தெரியலாமுங்களா?" என்று கேட்பாளாம். அவன் வேண்டாம் என்பானாம். சரிங்க என்று வைத்துவிடுவாளாம். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை, போய்ச் சொல்லட்டுமா என்று கெஞ்சியதும் இல்லை. ஒரு திங்களும் விட்டதுமில்லை.

உள்ளே போனேன். எங்கள் குழுவின் கட்டில்தான். அதில் பாதி மிக்கேல் கிடந்தான். மீதிப் பாதியை நோய் தின்றிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"லேட்டுலே நீ" என்றான்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள். தெரேசாவும் போனாள்.

"மிக்கேலு, அன்னைக்கு உங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கணும்லே."

"இப்பத் தனியாத்தான் இருக்கோம். சொல்லு."

எனக்குப் புரியவில்லை. அவன் என்னையே பார்த்தான். காலையில் ஸ்டாண்டில் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பார்ப்பானே, அதே பார்வை. புரிந்துவிட்டது.

"உன் வண்டில பிரேக்கு சரியில்லலே. மிதிச்சா கீழ போவுது" என்றேன். சொல்லும்போதே உடைந்துவிட்டேன்.

"அப்பிடியா? பாத்துக்கிடுதேன்" என்றான் மிக்கேல். கையை நீட்டினான்.

அதற்குப் பிறகும் வெகு நேரம் பேசினோம். அதையும் எழுதலாம். ஆனால் அது பாதி மிக்கேலுடையது, அவனைக் கேட்க இப்போது வழியில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் கிளம்பும்போது, "அந்தப் போர்ட எடுத்து முன்னால மாட்டுலே. வண்டி வாசல்லயே நிக்கட்டும், பாக்குறவன் எல்லாம் பாக்கட்டும்" என்றான். இன்னும் ஒன்பது செவ்வாய்க்கிழமை இருந்தான். ஒன்பதிலும் என் ஜீப் அவன் வாசலில், போர்டோடு நின்றது. அவள் அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்திருப்பாள்.

பிறகு அவள் வீட்டுக்காரருக்கு மறுபடி மாற்றல் வந்து பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டாள். இப்போது வேறு ஒருவர் பார்க்கிறார். மேசையை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு, மிக்கேலைப் பார்த்துவிட்டு வந்த அந்த முதல் செவ்வாய்க்கிழமைச் சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது.

நர்ஸை இறக்கிவிட்டு நேராக ஆபீஸ் படியேறினேன். அவள் மட்டும் இருந்தாள். ஃப்ளாஸ்கிலிருந்து பால் சேர்க்காத ஒரு கட்டன் சாயா ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். முழு டம்ளர், மூடாமல். நான் குடித்தேன். எனக்குச் சொல்ல மலையளவு இருந்தது. இதோ கேட்பாள், இதோ கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி, என்ன பேசுனோம்னு கேக்க மாட்டியா?"

"எனக்கு எதுக்குங்கண்ணா?"

குரல் சரியாக இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். கம்ப்யூட்டரின் கறுப்பு முதுகுக்குப் பின்னால் அவள் முகம் மறைந்தது. விசைச் சத்தம் நின்றுபோயிற்று. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மெல்லக் கேட்டது. ஒரு அடி எடுத்து வைத்துக் கழுத்தை நீட்டினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கீழே கம்பம் பஸ் வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.